இது யாரோட ரத்தம்?

ரத்தப் பரிசோதனை லேபுக்கு சாஃப்ட்வேர் டிசைன் பண்றேன்னு சொன்னா, "ரிப்போர்ட் அடிச்சுக் குடுக்கறதுதானே, எக்ஸெல் பத்தாதா?"ன்னு கேக்கறாங்க மக்கள். பத்தாதுங்க. ஏன்னு சொல்றேன்.

முதல் கேள்வியே, இது யாரோட ரத்தம்? நம்ம ஊர்ல இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. வெளிநாட்டு சாஃப்ட்வேர்களில் முதல் பெயர், குடும்பப் பெயர்னு ரெண்டு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே! ஒரே காலையில் ரெண்டு எஸ். லட்சுமி வருவாங்க, ரெண்டு பேருக்கும் வயசு 52. அதனால பெயரை நம்பக்கூடாது. ஒவ்வொரு டியூபுக்கும் தனி எண், தனி பார்கோடு. அந்த ஸ்டிக்கரையும் நோயாளி முன்னாடியே ஒட்டணும். எல்லாருக்கும் எடுத்துட்டு வந்து மொத்தமா ஒட்டினா, கம்ப்யூட்டர் தப்பான ஆளுக்கு ரொம்பச் சரியான ரிப்போர்ட் குடுத்துடும் :-)

அடுத்தது, எண்ணுக்கு என்ன அர்த்தம்? ஹீமோகுளோபின் 11 என்று வைத்துக்கொள்வோம். நிறைமாத கர்ப்பிணிக்கு அது பரவாயில்லை. ஆண்பிள்ளைக்கு ரத்தசோகை. நேற்றுப் பிறந்த குழந்தைக்கோ ரொம்பக் குறைவு. வயசு, பால், கர்ப்பம் இதெல்லாம் தெரியாத சாஃப்ட்வேர் வெறும் தட்டச்சு மெஷின்தான்.

இன்னொரு உதாரணம். போன வாரம் பொட்டாசியம் 4.2, இன்னிக்கு 7.5. நிஜம்னா இதயமே நின்னு போகலாம், உடனே டாக்டருக்கு போன் போகணும். ஆனா கூடவே கால்சியமும் தடாலென்று இறங்கியிருந்தால்? ஊதா மூடி டியூபில் இருக்கும் ஈடிடிஏ இதில் கலந்திருக்கலாம். அந்த உப்பிலேயே பொட்டாசியம் உண்டு, கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். பழைய ரிசல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த வேலைக்குப் பெயர் டெல்டா செக். தீர்ப்பு சொல்றது சாஃப்ட்வேர் வேலை இல்லை. ரிப்போர்ட்டை நிறுத்தி, "அண்ணே, ஒரு தடவை பாருங்க"ன்னு டெக்னீஷியனைக் கூப்பிடணும், அவ்வளவுதான்.

மெஷின்கள் பேசிக்கொள்ள 1987-இல் ஆரம்பித்த ஹெச்எல்7, பரிசோதனைகளுக்குப் பொதுக் குறியீடு தர 1994-இல் ஆரம்பித்த லாய்ங்க் எல்லாம் இருக்கு. அதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். கஷ்டம் வேற இடத்துல.

லேப் ஓனர் ஒருத்தர் கேட்டார்: "தம்பி, வெளியே போன ரிப்போர்ட்டைத் திருத்த ஒரு பட்டன் வெச்சுடுங்க. பழசு தெரிய வேண்டாம்."

"திருத்தலாம் சார். ஆனா பழைய எண், திருத்தினவர் பேர், நேரம், காரணம் நாலும் அப்படியே நிக்கும்."

"எதுக்குப்பா வம்பு?"

"பழைய எண்ணைப் பார்த்து டாக்டர் மருந்தை மாத்தியிருப்பார் சார். நாம அதை அழிச்சுட்டா, அவர் கிறுக்குத்தனமா பண்ணின மாதிரி ஆயிடும். நோயாளிக்கு என்ன ஆச்சுன்னும் யாருக்கும் தெரியாது."

அரை மணி நேரம் வாக்குவாதம். வேலை கையை விட்டுப் போயிடும்னுதான் நினைச்சேன். கடைசியில், "சரி, அந்தக் காரணம் எழுதற கட்டத்தையாவது சின்னதா வைங்க"ன்னார்.

சின்னதாத்தான் வெச்சிருக்கேன். காலியா விட்டா மட்டும் சேவ் ஆகாது.