மாப்பிள்ளைக்கு வாங்கிய தூண்டில்

பொருள் வாங்குவதில் எனக்குக் கொஞ்சம் மமதை உண்டு. 37 வருட அரசாங்க உத்தியோகத்தில் பாதிக்கு மேல் ஸ்டோர்ஸ் பிரிவில் கழிந்தது. மூன்று கொட்டேஷன் வாங்கு, ஒப்பீட்டுப் பட்டியல் போடு, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் கொடு. ரிஜிஸ்டரிலிருந்து தண்ணீர்ப் பம்பு வரை நான் குறிப்பெழுதி வாங்காத பொருள் கிடையாது. அந்த மமதையோடுதான் 2014-ல் மான்ட்ரியால் நகரில் ஒரு தூண்டில் வாங்கப் போனேன்.

யாருக்கு வாங்கப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிக்கப் போன என் மகள், அங்கேயே ஒரு யாழ்ப்பாணத்துப் பையனை 2009-ல் கல்யாணம் செய்துகொண்டாள். பத்து வயதில் அப்பா அம்மாவோடு அங்கே போய்ச் சேர்ந்தவர். நல்ல வேலை, நல்ல குணம். எனக்குத்தான் மனசு இறங்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். "லீவு கிடைக்கவில்லை" என்று போனில் சொன்னேன். உண்மை என்னவென்றால், நான் லீவுக்கு விண்ணப்பமே கொடுக்கவில்லை. விண்ணப்பம் கொடுத்திருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்தவனுக்கு அங்கே யார் மறுத்துப் பேசுவார்கள்?

பேரன் பிறந்த பிறகு, 2014-ல், மனைவியின் பிடிவாதத்தால் போனோம். மாப்பிள்ளை மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. "வாங்கோ மாமா, இருங்கோ மாமா" என்பார். "சரிங்க மாப்பிள்ளை" என்பேன். அதற்கு மேல் பேச்சு நகராது. சனிக்கிழமை விடியற்காலையில் மட்டும் கூட வேலை செய்யும் ஒருவரிடம் தூண்டில் இரவல் வாங்கிக்கொண்டு எங்கோ ஏரிக்குப் போய்விடுவார். ஜூலையில் அவருக்குப் பிறந்த நாள். என் பென்ஷன் பணத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு தூண்டில் வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைக்குத் தனியாகப் போக எனக்குப் பயமில்லை. படித்ததெல்லாம் பிரெஞ்சு மீடியம் அல்லவா? புதுச்சேரியில் அந்தக் கால வாத்தியார்கள் காதைத் திருகி ஏற்றிய பிரெஞ்சு. ஆனால் கியூபெக்காரர்கள் பேசும் பிரெஞ்சு வேறு ஜாதி. கடைப் பையன், இருபது வயதிருக்கும், எடுத்த எடுப்பில் என்னை 'துய்' என்றான். நம்மூரில் முன்பின் தெரியாத பையன் ஒரு கிழவனை 'நீ' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அங்கே அது சகஜமாம். ரீலுக்கு 'மூலினே' என்று பெயர். குட்டி அரைவை யந்திரம் என்று அர்த்தம் வரும். மூலினெக்ஸ் மிக்சி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

பையன் மூன்று கேள்வி கேட்டான். என்ன மீன், எந்த ஏரி, எந்த மாதம்? மீன் பெயர் மட்டும் எனக்குத் தெரியும், மகள் வாயால் கேட்டது. துலாடி. பெயரைக் கேட்டதும் நம் கிணற்றுத் துலாதான் என் கண்ணில் நின்றது. பையன் ஏதோ பெரிய ரீலைக் காட்டி ஆழம், ஈயம் என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தான். நான் கையமர்த்திவிட்டு விலைச்சீட்டுகளைப் பார்த்தேன். மூன்றை ஒப்பிட்டேன். ஆறரை அடியில் மெல்லிய, பளபளப்பான ஒரு ராடு, அதோடு பொருத்திய ஒரு ஸ்பின்னிங் ரீல், தள்ளுபடி போக மூன்றிலும் குறைந்த விலை. ஆர்டர் பாஸ் ஆனது.

மாப்பிள்ளை பிரித்துப் பார்த்தார். ஒரு விநாடி அசையாமல் நின்றார். பிறகு, "நல்ல வடிவா இருக்கு மாமா. வாற சனி ரெண்டு பேரும் போவம்" என்றார்.

போனது மெம்ஃப்ரமேகாக் ஏரி. மான்ட்ரியாலிலிருந்து கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம். ஏறக்குறைய 50 கி.மீ. நீளம், ஒடுங்கிய ஏரி. தென்கோடி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்குள் போய்விடுகிறது. ஆழமான இடத்தில் 100 மீட்டருக்கு மேல். கரையில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது. பாலாடைக்கட்டி செய்து விற்கிறார்கள். என் மனைவிக்கு ஏரியில் பிடித்தது அது ஒன்றுதான்.

துலாடியை ஆங்கிலத்தில் லேக் டிரௌட் என்பார்கள். பெயர்தான் டிரௌட், உண்மையில் சார் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதற்குப் பத்து டிகிரி வாக்கில் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். பனிக்கட்டி உருகிய வசந்தத்தில் மேலேயே திரியும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகச் சூடாகக் கீழே இறங்கி, ஜூலை ஆகஸ்டில் இருபது மீட்டர் ஆழத்துக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய்த் தேடுகிறார்கள். அதுவும் மெதுவாக, மனிதன் நடக்கிற வேகத்தில். இந்த முறையில் ராடு, ரீல், நரம்பு எல்லாம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இரை எவ்வளவு ஆழத்தில் போகிறது? கடைப் பையன் எந்த ஏரி, எந்த மாதம் என்று கேட்டது இதற்காகத்தான். நான் விலைச்சீட்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் வாங்கிக் கொடுத்த தூண்டிலைத்தான் மாப்பிள்ளை முதலில் எடுத்தார். மெல்லிய நைலான் நரம்பில் கட்டிய வெள்ளிக் கரண்டி இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழே இறங்கவில்லை. கனமான ஈயக்குண்டு ஒன்றைச் சேர்த்தார். உடனே ராடு வில் மாதிரி வளைந்துவிட்டது. குண்டின் பாரத்திலேயே வளைந்து நிற்கிற ராடு, மீன் தொட்டால் எப்படிச் சொல்லும்? ஆனாலும் பதினோரு மணி வாக்கில் ஒன்று பிடித்தது. ராடை என் கையில் கொடுத்துவிட்டார். நான் ரீலைச் சுற்றினேன், சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன். மீன் இழுக்க நரம்பு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஸ்பின்னிங் ரீலில் நரம்பு வெளியே வழுக்கிப் போகும்போது கைப்பிடியைச் சுற்றவே கூடாதாம். ஒவ்வொரு சுற்றும் நரம்பில் ஒரு முறுக்கு ஏற்றும். அது எனக்குத் தெரியாது. நரம்பு தேங்காய் நார் மாதிரி முறுக்கிக்கொண்டு, டப் என்று அறுந்தது.

"அது கல்லு மாமா. அடியில கல்லில மாட்டினது" என்றார்.

கல் தலையை ஆட்டாது. மூன்று முறை அது தலையை ஆட்டியதை என் மணிக்கட்டு உணர்ந்தது. "ஆமாம், கல்லுதான்" என்றேன். திரும்பி வரும்போது காரில் இருவரும் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு வேறொரு சமாச்சாரம் ஞாபகம் வந்தது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு தடவை குறைந்த விலைக்குப் பம்பு வாங்கினோம். வந்த பம்பு மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றவில்லை. எத்தனை அடி ஏற்ற வேண்டும் என்று ஸ்பெசிஃபிகேஷனில் எழுத மறந்தவன் நான்தான். பழி கான்ட்ராக்டர் தலையில் போயிற்று.

2016 மே மாதக் கடைசியில் மறுபடி போனோம். போன மறுநாளே, "மாப்பிள்ளை, கடைக்குப் போகலாமா? இந்தத் தடவை நீங்க சொல்லுங்க, நான் பணம் கொடுக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கடையில் இரண்டு மணி நேரம் இருந்தோம். முதலில் நரம்பு. நாங்கள் தங்கூஸ் என்போம், அவர் தங்கூசி என்கிறார், ஒரே சொல்தான். ஆனால் ஆழத்துக்கு வெறும் தங்கூஸ் போதாது. லெட்கோர் என்று ஒன்று இருக்கிறது. நடுவில் மெல்லிய ஈயக்கம்பி, அதன்மேல் பின்னிய உறை. பத்து கஜத்துக்கு ஒரு நிறம் மாறும், நூறு கஜத்துக்குப் பத்து நிறம். படகு மெதுவாகப் போகும்போது ஒரு நிறம் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம் கொடுக்கும். வேகம் கூடினால் மேலே எழும்பிவிடும். எங்கள் ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி, எல்லாம் பத்தி பத்தியாக! நுனியில் ஈயத்தை உருவி எடுத்துவிட்டு, வெறும் உறையில் முடிச்சுப் போட்டு, ஏழெட்டு மீட்டர் கண்ணுக்குத் தெரியாத ஃப்ளூரோகார்பன் நரம்பை இணைக்க வேண்டும். கரண்டிக்கு முன்னால் நன்றாகச் சுழலும் சுவிவல் ஒன்று. இல்லாவிட்டால் கரண்டி சுழல்கிற சுழற்சியில் நரம்பு முறுக்கிக்கொள்ளும். முறுக்கு என்றாலே எனக்கு இப்போது தனி மரியாதை.

லெட்கோர் தடிமன் அதிகம். அதனால் ரீல் பெரிதாக, உருளை சுற்றுகிற வகையாக இருக்க வேண்டும். நரம்பைத் தானே பக்கம் பக்கமாக ஒழுங்காக அடுக்குகிற வசதியும் வேண்டும். ஸ்பின்னிங் ரீலில் இதைச் சுற்றினால் ஈயம் மடிந்து கெட்டுவிடும். பிரேக் வழுவழுவென்று விட்டுக்கொடுக்க வேண்டும், திக்கித் திக்கி விடக் கூடாது. மாப்பிள்ளை ஒவ்வொரு ரீலிலும் நரம்பை இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பையன் பொறுமையாக நின்றான்.

ராடு எட்டரை அடி. கண்ணாடியிழை கலந்தது, நடுவரைக்கும் இளகி வளைவது. விறைப்பான, எடையே இல்லாத, விலை கூடிய கிராஃபைட் ராடுகளும் இருந்தன. "இதுக்கு அது வேண்டாம் மாமா. படகு ஓடிக்கொண்டே இருக்கும், மீன் தானாத்தான் மாட்டும். ராடு விட்டுக்குடுக்காட்டி வாயைக் கிழிச்சுக்கொண்டு போயிடும்" என்றார். படகின் இரு பக்கமும் வைக்கும்போது நீளமான ராடு இருந்தால் இரண்டு நரம்பும் பின்னிக்கொள்ளாது. அடிக்கட்டை, தாங்கியில் உட்காரும் அளவு நீளமாக இருக்க வேண்டும். பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து, ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்துப் பார்த்தார். எங்காவது மயிரிழை விரிசல் இருந்தால் பஞ்சு பிசிறு மாட்டும். அந்த விரிசல் ஒரு நாள் நரம்பை அறுக்கும். ஸ்டோர்ஸில் 20 வருடம் சரக்குப் பரிசோதனை செய்த எனக்கு இப்படி ஒரு யோசனை வந்ததில்லை.

ஒரே ஒரு வாதம் வந்தது. எத்தனை அடி போயிருக்கிறது என்று எண் காட்டுகிற கவுண்டர் வைத்த ரீலும் இருந்தது, விலை கூடுதல். எனக்கு ஆசை. "நிறமே கணக்குத்தானே மாமா, பிறகேன்?" என்றார். விஷயம் சரிதான். ஆனால் எனக்கு அப்போது கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. விடியற்காலை வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் உடனே கவுண்டர் ரீலை எடுத்துப் பையனிடம் கொடுத்துவிட்டார். அன்று நான் விலை பார்க்கவில்லை. கொட்டேஷனும் கேட்கவில்லை.

கரண்டிகளை மகள் தேர்ந்தெடுத்தாள். அந்த ஏரியில் துலாடிக்கு ஸ்மெல்ட் என்னும் வெள்ளி நிறச் சின்ன மீன்தான் பிரதான ஆகாரம். அதனால் வெள்ளிக் கரண்டி மூன்று, பொன் நிறத்தில் ஒன்று. எனக்கு வெளிநாட்டவருக்கான மீன்பிடி உரிமம் ஒன்று.

ஜூன் முதல் வாரம், அதே ஏரி. தண்ணீர் இன்னும் சூடேறவில்லை. படகில் இருந்த சின்னத் திரையில் மீன்கள் பத்துப் பதினொரு மீட்டரில் வளைவு வளைவாகத் தெரிந்தன. ஏழு நிறம் விட்டால் சரியாக இருக்கும் என்றார். நான் கட்டை விரலால் உருளையை அடக்கிக்கொண்டு நரம்பை விட்டேன். எண்கள் ஓடின. மடத்து மணி கேட்டது. ஏன் அப்போது வாய் திறந்தது என்று தெரியவில்லை.

"மாப்பிள்ளை, 2009-ல எனக்கு லீவு கிடைக்காமல் இல்லை. நான் கேட்கவே இல்லை."

அவர் ராடின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மாமா" என்றார். பிறகு, "ஏழாவது நிறம் போயிட்டுது. நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். கவுண்டரில் 236 என்று இருந்தது. அடிக்கணக்கு, நுனி நரம்பையும் சேர்த்து.

ஒன்பது மணிக்கு மேல் ராடு ஒரு கும்பிடு போட்டது. இந்த முறை நரம்பு போகும்போது நான் சுற்றவில்லை. நின்றபோது சுற்றினேன். பத்து நிமிடம் இருக்கும். சாம்பல் உடம்பில் வெளிர்ப் புள்ளிகள், பிளந்த வால். மாப்பிள்ளை வலையில் ஏந்தி அளவுகோலில் வைத்தார். சட்டப்படி இருக்க வேண்டிய நீளத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைவு. இந்த மீன் மெதுவாக வளர்வது. முதல் முட்டை போடவே ஆறேழு வருடம் ஆகும். அதனால் அங்கே அளவில் கெடுபிடி. கொக்கியைக் கழற்றித் தண்ணீருக்குள் பிடித்திருந்தார். வாலை ஒரு தடவை அசைத்துவிட்டுக் கீழே போயிற்று.

வீட்டில் என் மனைவி மசாலா அரைத்து வைத்துக் காத்திருந்தாள். வழியில் கடையில் நிறுத்தி சால்மன் வாங்கிக்கொண்டு போனோம். "இதையா ஏரியில பிடிச்சீங்க?" என்றாள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். "ஓம் மாமி, மாமாதான் பிடிச்சவர்" என்றார்.