கயிற்றை இழுக்கும் முன்

2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அதன் பிறகு எங்கள் பக்கம் சிலர் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வைத்தார்கள். மழைக்காலம் நெருங்குவதால் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை.

மழைக்குப் பயந்து அதை வீட்டுக்குள்ளோ, திண்ணையிலோ, ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடக்கூடும். வெளியே, இருபதடி தள்ளி, நனையாத சமதளத்தில், புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள்.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பெட்ரோல் ஊற்றுங்கள். ஒயர் எதையும் செருகாமல் பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக் போட்டு, சுவிட்சை ஆன் செய்யுங்கள். கயிற்றை மெல்ல இழுத்து, பிடிப்பு தெரிந்ததும் வெடுக்கென்று இழுக்கவேண்டும். இன்ஜின் சூடானதும் சோக்கை எடுத்துவிடுங்கள். விளக்கும் ஃபிரிட்ஜும் அதற்குப் பிறகுதான்.

ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் மட்டும் செருகாதீர்கள். அந்தக் கரண்ட் தெருக்கம்பிக்குப் போய், நமக்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். அன்றைக்கு அவர் வீட்டிலும் இருட்டுதான்.