விடியுமுன் சந்தைக்குப் போகிறவர்கள்

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா அதிகாலை மூன்று மணிக்கெல்லாம் கோயம்பேடு பூச்சந்தைக்குக் கிளம்பிவிடுவார். ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடம் கிடைத்தால்தான் ஏறுவார். கூடையை மடியில் வைக்காமல், பக்கத்தில் இருப்பவனுக்கும் தனக்கும் நடுவே நிறுத்திக்கொள்வார். மதியம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் வேறென்ன செய்வார்?

சில்லறை கொடுக்கும் சாக்கில் கையைப் பிடிப்பவன், தவணை தவறினால் நடுத்தெருவில் அசிங்கமாகப் பேசும் தண்டல்காரன், குடித்துவிட்டு வந்து அன்றைய வசூலைக் கேட்டு அடிக்கும் புருஷன். இதெல்லாம் தொழிலில் சகஜம் என்பதுபோல அவர் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. சகஜம் இல்லை, அக்கா. இது குற்றம்.

இந்த அவமானம் அக்காவோடு நிற்பதில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த முதிய பெண் ஒருவரை நாற்றமடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் உரக்க நியாயம் கேட்ட காணொளி பரவிய பிறகே ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

சட்டங்கள் இருக்கின்றன. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமைப்புசாராத் தொழிலில் இருக்கும் பெண்களும் பாலியல் துன்புறுத்தல் பற்றிப் புகார் கொடுக்க மாவட்டந்தோறும் ஒரு குழு இருக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவின் வியாபாரி உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அக்கா இரண்டையும் கேள்விப்பட்டதே இல்லை.

நாளை பூவோ மீனோ வாங்கும்போது, விற்கும் பெண்ணிடம் பெண்கள் உதவி எண் 181 என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் கண்ணெதிரே ஒருவன் கையைப் பிடித்தால் வேடிக்கை பார்க்காதீர்கள், தட்டிக் கேளுங்கள்.