ஒளிராத துகளுக்கும் இடம் வேண்டும்

ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் பல நேரம் தெளிவாகத்தான் இருக்கும்; ஆனால் அதில் நுண்பிளாஸ்டிக் இருக்கலாம். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துகள்களுக்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர். பெரும்பாலானவை வெறுங்கண்ணுக்குச் சிக்குவதில்லை. அவற்றைக் கண்முன் கொண்டுவர முனையும் கலைஞர்களுக்குக் கைகொடுப்பது, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் நைல் ரெட் என்ற சாயம்.

முதலில் தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, இலைதழை மிச்சங்களையும் பாசியையும் சிதைக்க வேண்டும். பொறுமை இல்லாமல் இதைத் தாண்டிப் போனால் பாசியும் சேர்ந்தே ஒளிரும், படம் பொய் சொல்லும். பிறகு வடிதாளில் வடிகட்டிச் சில சொட்டுச் சாயம். இருட்டறையில் நீல விளக்கை அடித்து ஆரஞ்சு வடிப்பான் வழியே பார்த்தால், வெறும் அழுக்காகத் தெரிந்த தாளில் பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் பொறி பொறியாகச் சுடர்விடும். பார்ப்பவர் வாயில் முதலில் வருவது, "எவ்வளவு அழகா இருக்கு!"

இதுபோன்ற அழகைத் தெரிந்தே கையாண்டவர் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் மாண்டி பார்க்கர். அயர்லாந்தின் கார்க் துறைமுகப் பகுதியில் கிடைத்த பிளாஸ்டிக் கழிவுகளை, நுண்ணோக்கியில் தெரியும் மிதவை உயிரிகளைப் போலவே படமெடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் அங்கே மிதவை உயிரிகளைச் சேகரித்த ஜான் வாகன் தாம்சனின் ஆய்வைத் தழுவிய அந்தத் தொடர் 2017இல் நூலானது. உயிரி என்று நம்பி நெருங்குபவர், அது பிளாஸ்டிக் என்று அறிந்து அதிர்கிறார்.

ஆற்றைக் காட்டுபவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. பாலியஸ்டர், நைலான் இழைகள் நைல் ரெட் சாயத்தில் பெரும்பாலும் மங்கலாகவே தெரியும். டயரிலிருந்து தேய்ந்து வரும் கருந்துகள் ஒளிர்வதே அரிது. ஆற்றில் வந்து சேர்பவற்றில் துணி துவைத்த நீரின் இழைகளும் டயர்த் துகள்களும் முக்கியமானவை. ஆகவே படத்தின் இருண்ட பகுதியைச் சுத்தமான இடம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மாதிரி எடுத்த நாளும் முக்கியம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே டேம் ஆற்றின் படுகையில், ஓரிடத்தில் சதுர மீட்டருக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட துகள்கள் இருந்ததாக 2018இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவர்கள் ஆராய்ந்த ஆற்றுப் படுகைகளில் தங்கியிருந்த நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வெள்ளத்துக்கு முந்தைய படமும் பிந்தைய படமும் ஒரே ஆற்றைக் காட்டினாலும் ஒரே செய்தியைச் சொல்லாது.

இப்படிப்பட்ட படங்களின் கண்காட்சிக்குப் போனால் படத்தின் கீழே பாருங்கள். மாதிரி எடுத்த நாள், தண்ணீரை வடித்த வலையின் கண்ணளவு, சாயத்துக்குப் பிடிபடாதவை எவை என்ற விவரம் இல்லையென்றால், அங்கிருக்கும் கலைஞரிடம் தயங்காமல் கேளுங்கள்.