மலாக்காவுக்குப் போய் வந்தோம்

வாசகர்களே, நீங்கள் மலாக்காவுக்குப் போனால் கோட்டையையும் சிவப்புக் கட்டடத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். காஜா பெராங் பக்கம் ஒரு சிறிய கம்பம் இருக்கிறது. மலாக்காச் செட்டிகள் வாழும் இடம். சென்ற ஆண்டு விடுமுறையில் எங்கள் செம்பனைத் தோட்டத்துப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துப் போனோம்.

அதற்கு முன் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நகரத்தில் ஓர் உணவுக்கடையில் பசியாற உட்கார்ந்தோம். தண்ணீர்ப் போத்தலைப் பேருந்திலேயே விட்டுவந்த மாணவன் ஒருவன், "சார், பஸ்ஸு அந்தாண்ட சடக்குலதானே நிக்குது? ஓடிப்போயி எடுத்தாரேன்" என்றான். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள், நம்மவர்கள்தாம். ஒருவர் "சடக்குல..." என்று அவனைப் போலவே இழுத்துச் சொன்னார். மற்றவர், "தீம்பாரு!" என்று சிரித்தார். பையன் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் தண்ணீர் வேண்டுமென்றாலும் குவளையைக் கையால் காட்டினானே தவிர, வாய் திறக்கவில்லை.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. ஆசிரியர் பயிற்சிக்குப் போன முதல் வாரம் இதே சொல்லை நானும் சொன்னேன். அங்கே இருந்த காலம் முழுவதும் என் பெயரே 'சடக்கு' ஆகிப்போனது. வெட்கத்தில் தோட்டத்துச் சொற்களை ஒவ்வொன்றாகக் களைந்தேன். விடுமுறைக்கு வந்து அம்மாவிடம் திருத்தமாகப் பேசியபோது, அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்து, "ஏன்டா, பெரிய கிராணி கணக்கா பேசுற? எங்கிட்டயுமா?" என்றார். அதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

அம்மா கிராணியைச் சொன்னதிலும் காரணம் உண்டு. பாட்டி காலத்துத் தோட்டங்களில் கிராணிமார் பலர் யாழ்ப்பாணத்தார், மலையாளிகள். நாம் பேசுவோம், யாழ்ப்பாணத்தார் 'கதைப்பார்கள்'. நாம் 'ஆமாம்' என்றால் அவர்கள் 'ஓம்' என்பார்கள். பெரட்டுக் களத்தில் அந்தப் பேச்சுக்குப் பயந்து கைகட்டி நின்றவர்கள், சாயங்காலம் லயத்துக்கு வந்ததும் அதையே பேசிக்காட்டி விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். கிராணி வீட்டில் நம் பேச்சும் அதே பாடுதான் பட்டிருக்கும். படித்ததென்னவோ இரண்டு பேரும் ஒரே அ, ஆவன்னாதான்!

சரி, கம்பத்துக்கு வருவோம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். நம் தாத்தாமார் கித்தா மரம் வெட்ட வருவதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பே வந்தவர்கள். 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824இல் ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின. இவர்கள் வீட்டுமொழியும் மலாயாகிவிட்டது. சாமி மட்டும் மாறவில்லை. நகரத்தில் 1781இல் எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் இவர்களுடைய முன்னோர் கட்டியதுதான். மாரியம்மன் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என்கிறார்கள். மலாயில் சாச்சார் என்றால் அம்மை. நாம் நோய்க்கு அம்மன் பெயரை வைத்தோம்; இவர்கள் அம்மனுக்கு நோயின் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். கெபாயா உடுத்து, நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பாட்டி வெளியே வந்தார். எங்கள் பிள்ளைகள், "வணக்கம் பாட்டி" என்றார்கள். அவரும் கைகூப்பினார், பேச்சோ முழுக்க மலாய். உடனே ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு, "சார், இவங்களுக்குத் தமிழே வரலை சார்!" என்று சிரித்தான். யார் தெரியுமா? காலையில் வாயடைத்துப்போன அதே பையன்தான்.

அவனைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் என் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து போயிருந்தது. பாட்டி அதைக் கவனித்திருப்பார். ஆனாலும் அவன் தோளைத் தொட்டு மலாயில், "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்டார். அம்மா உயிரோடிருந்தால், யார் பிள்ளை வந்தாலும் முதலில் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்டிருப்பார். பையன் தலைகுனிந்து, மலாயிலேயே பதில் சொன்னான்.

திரும்பும்போது அவன் என் பக்கத்து இருக்கைக்கு வந்தான். "சார், சடக்குன்னு சொல்றது தப்பா?"

எத்தனை கட்டுரைகளில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன்! ஏன் என்று ஒரு தடவையாவது விளக்கியிருப்பேனா? இப்போது விளக்கினேன். அது வடநாட்டுச் சொல்லான 'சடக்' என்பதிலிருந்து வந்தது; 'கித்தா' மலாயின் 'கெத்தா'விலிருந்து வந்தது. தேர்வில் 'சாலை' என்று எழுத வேண்டும், மதிப்பெண் போய்விடும். வீட்டில் பேசுவது வேறு. கவனமாகக் கேட்டுக்கொண்டான். பாட்டியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தோட்டத்து முச்சந்தியை அடைந்தபோது மணி ஒன்பதாகிவிட்டது. என் கைப்பேசியை வாங்கி, பேருந்தில் எல்லாரும் கேட்கும்படி உரக்கப் பேசினான்: "அம்மா, பஸ்ஸு வந்திருச்சு. டார்ச்ச எடுத்துக்கிட்டு சடக்குக்கு வந்துரு."