நுவரெலியாப் புற்றரையில்

பீதுருதாலகாலை மலையடிவாரத்தில், நகரின் நடுவே விரிந்து கிடக்கிறது நுவரெலியாக் கோல்ப் மைதானம். 1889ஆம் ஆண்டில் தோன்றிய இதில் 18 குழிகள். ஒவ்வொன்றின் வாயும் 4¼ அங்குலமே. அதனுள் பந்தை வீழ்த்த எத்தனை பாடு!

புதியவர் பலர் முதலடியில் பந்தைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டு இறுமாந்து நிற்பர். ஆட்டத்தின் வெற்றியோ, குழிக்கு நூறு யார் அளவில் நின்று, அதனைச் சூழ்ந்த மெல்லிய புற்றரைமேல் பந்தை இறக்கும் அடியிலேதான் பெரிதும் தங்கியுள்ளது. இதனைப் பயில்வோர் 20 பந்துகளை ஓரிடத்தில் வைத்து, ஒரே மட்டையால் ஒவ்வொன்றாக அடிப்பர். பந்து எங்கே விழுந்தது, விழுந்தபின் எவ்வளவு உருண்டது என்று நோக்குவர். தூரத்தைக் குறைக்கக் கைவிசையைத் தளர்த்துவதிலும் வீச்சின் நீளத்தைச் சுருக்குவதே நன்று. தளர்ந்த கை பந்தைக் கோணலாக்கும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமாதலால் காற்றின் அடர்த்தி குறைவு. (பௌதிகம் பயிலும் மாணவர் கவனிக்க!) கொழும்பில் குழியருகே விழும் அடி, இங்கே அதனைத் தாண்டிச் சென்றுவிடும். கீழிருந்து வருவோர் தம் கணக்கை முதல் நாளே திருத்திக்கொள்ளல் வேண்டும். பிற்பகலில் மூடுபனி இறங்கினாலோ, குழியில் நட்ட கொடியும் மறைந்துவிடும். அப்போது பந்து தேடித் தரும் பையன்களுக்கே வேலை மிகுதி.