எலிக்கு எந்தத் துப்பாக்கி?

கூலாய் பக்கம் எட்டு ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் என் மாமாவுக்கு எதிரி ஒன்றே ஒன்றுதான்: எலி. விலை இறங்கினால் அரசாங்கத்தைத் திட்டுவார். மழை பிடித்துக்கொண்டால் வானத்தைத் திட்டுவார். எலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் திட்டு வராது, திட்டம் வரும். சென்ற ஆண்டு அவர் போட்ட திட்டத்தின் பெயர் துப்பாக்கி.

நான் வானொலி அறிவிப்பாளர். தம்போயில் குடியிருக்கிறேன். வானொலியில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்போய் வந்த மாமா, கைப்பேசியை என்னிடம் நீட்டினார். கனடாவின் பரந்த புல்வெளியில் ஒருவர் படுத்துக்கொண்டு, வளையிலிருந்து தலை நீட்டும் பிராணிகளை ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தார்.

“பாப்பா, இந்த மாதிரி ஒண்ணு பாத்துச் சொல்லு. இலேசா இருக்கணும், குறி தப்பக்கூடாது, அடுத்த குண்டு தானா ஏறணும். அறுபத்தி மூணு வயசாயிடுச்சு. கனமானதத் தூக்கிட்டு நடக்க முடியாது லா.”

மாமா விளையாட்டாகக் கேட்கவில்லை. ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி அந்த எட்டு ஏக்கரில்தான் இருக்கிறது. ஏறக்குறைய நானூற்று ஐம்பது மரங்கள். குலை பழுக்கும் முன்பே எலி கொறித்துவிடுகிறது. எலியைக் கவனிக்காமல் விட்டால் எண்ணெயில் ஐந்து சதவிகிதம் வரை இழப்பு வரும் என்பது செம்பனை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. பெரிய நிறுவனத்துக்கு அது ஏட்டில் ஒரு வரி. மாமாவுக்கு அது அத்தையின் மருந்துச் செலவு.

எனவே நானும் அக்கறையோடு தேடினேன். கனடாவில் அவர்கள் சுடுவது எலியை அல்ல. கோஃபர் என்று அங்கே அழைக்கப்படும் தரை அணில். மேய்ச்சல் நிலத்தையும் கோதுமை வயலையும் வளை தோண்டிப் பாழாக்கும். அதற்கு அவர்கள் விரும்பி எடுப்பது பாயிண்ட் 22 ரிம்ஃபயர் ரைஃபிள். தோட்டாவின் அடி விளிம்புக்குள்ளேயே பற்றவைக்கும் மருந்து இருக்கும். ஊசி அந்த விளிம்பைத் தட்டியதும் வெடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர். தோட்டா மலிவு, தோளில் உதை குறைவு, சத்தமும் குறைவு. 1964இல் அமெரிக்காவில் வந்த ரூகர் 10/22 இந்த வகையில் மிகப் பெயர் பெற்றது. எடை ஏறக்குறைய 2.3 கிலோ, பத்துத் தோட்டா கொள்ளும், விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒன்று வெடித்து அடுத்தது தானாக ஏறும். கையால் இழுத்து ஏற்றும் ரைஃபிள் பொதுவாக இன்னும் துல்லியமானது என்பார்கள். ஆனால் நாலைந்து கோஃபர் ஒரே நேரத்தில் தலை நீட்டும்போது, கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமல் சுட இதுதான் வசதி.

மாமா கேட்ட மூன்று குணமும் இதில் இருக்கிறது. படித்துக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

ஆனால் அந்தக் குணங்களெல்லாம் கோஃபருக்கு ஏற்றவை. கோஃபர் பகலில் நடமாடும். திறந்த வெளியில், வளை வாசலில், நின்று பார்க்கும். குறி தவறினால் குண்டு மண்ணில் புதையும். செம்பனை எலியோ இரவில் வரும். பகல் முழுக்க மரத்தின் கொண்டையிலோ வெட்டிப்போட்ட மட்டைக் குவியலிலோ ஒளிந்திருக்கும். ஓர் எக்டேருக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். இருட்டில் டார்ச் பிடித்து, மட்டைகளுக்கு நடுவே மேல்நோக்கிச் சுட வேண்டும். பாயிண்ட் 22 குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம்தான். ஆனால் அது ஒன்றரை மைல் வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை போடுவது வழக்கம். மாமாவின் கடைசி மர வரிசைக்கும் தாமான் வீடுகளுக்கும் நடுவே அரை மைல்கூட இல்லை. சாயங்காலம் அங்கே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள்.

அப்புறம் சட்டம். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, காவல்துறை உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. மீறினால் ஏழாண்டு வரை சிறை, பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது: பதினான்கு ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. “அப்ப காத்துத் துப்பாக்கி?” என்றார் மாமா. அதுவும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். பயிர் காக்க நிலக்காரருக்கு உரிமம் கிடைப்பதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் பயன்படும் ஷாட்கன். எலியைச் சுடத் தானியங்கி ரைஃபிள் வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவதை மாமாவே கற்பனை செய்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவரே சொன்னார்: “எங்கப்பா இருந்திருந்தா துப்பாக்கின்னு சொன்னதுக்கே செருப்பால அடிச்சிருப்பாரு.”

அதற்குக் காரணம் உண்டு. அவசரகாலத்தில் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த அந்த இளைஞரின் பெயரைத் தாத்தா தலைமுறை மெதுவாகத்தான் உச்சரிக்கும். தோட்டத்தில் துப்பாக்கி துரை கையில் இருந்தது, காவலர் கையில் இருந்தது. நம்மவர் கையில் அது இருந்தால் என்ன ஆகும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். கனடாக்காரருக்கு ரைஃபிள் ஒரு மண்வெட்டி மாதிரி. நமக்கு அப்படி இல்லை.

சரி, துப்பாக்கி இல்லையென்றால் என்ன? என் நிகழ்ச்சியில் ஒரு மாலை இதையே கேள்வியாக வைத்தேன். குளுவாங்கிலிருந்து அழைத்த ஒரு பெரியவர், தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை செய்தவர், ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: “ஆந்தப் பெட்டி.”

அவர் சொன்னது கூகையைப் பற்றி. இதய வடிவில் வெள்ளை முகம் கொண்ட ஆந்தை. நம் ஜொகூருக்கும் அதற்கும் தனி உறவு உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன்புவரை தீபகற்பத்தில் அரிதாகத்தான் தென்பட்ட இந்தப் பறவை, 1960களின் கடைசியில் ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில் கூடு கட்டியிருப்பது தெரியவந்தது. செம்பனை பரவியது, எலி பெருகியது, எலியைத் தேடிக் கூகை வந்தது. ஆனால் செம்பனை மரத்தில் முட்டையிடப் பொந்து கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்ததுதான் பெட்டி. நாலைந்து மீட்டர் உயரக் கம்பத்தின் மேல் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பெட்டி. ஐந்து முதல் பத்து எக்டேருக்கு ஒன்று போதும். கூகையின் உணவில் கிட்டத்தட்ட முழுவதும் எலிதான். ஒரு ஜோடியும் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் எலியை ஒட்டித் தின்றுவிடும்.

மாமா கேட்ட மூன்று குணத்தையும் அவரிடம் திருப்பிச் சொன்னேன். எடை: அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். குறி: காதுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக அமைந்திருப்பதால், கும்மிருட்டிலும் எலியின் காலடி ஓசையை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கும். அடுத்த குண்டு: தானாகவே முட்டையிட்டுப் பெருக்கிக்கொள்ளும். உரிமம் வேண்டாம். சிறகின் ஓரம் பஞ்சு மாதிரி இருப்பதால் பறக்கும் சத்தமும் கேட்காது. வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தைக் காக்கையையும் கூகையையும் வைத்துத்தான் தொடங்குகிறார். பகலில் காக்கை கூகையை வென்றுவிடும். அப்படியென்றால் இரவு யாருடையது என்பது சொல்லாமலே விளங்கும். நம் எலி இரவில்தானே வருகிறது?

மாமா ஒப்புக்கொண்டார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

“அது கத்துனா வீட்டுக்கு ஆகாது பாப்பா. லயத்துல இருந்தப்ப அது ராத்திரி வந்து கத்துன வாரம்தான் என் கடைசித் தம்பி போனான். ஒண்ணரை வயசு.”

இதற்கு என்ன பதில் சொல்வது? மூடநம்பிக்கை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அத்தை சொன்னது நம்பிக்கை அல்ல, நினைவு. நான் வாதாடவில்லை. மாமாதான் கொஞ்சநேரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “லயத்துல எலி நிறைய. அதனாலதான் அது வந்துச்சு. எலி இருந்த எடத்துல காய்ச்சலும் இருந்துச்சு. ஆஸ்பத்திரி இருந்துச்சா?” அத்தை பேசாமல் அவருக்கு ரசம் ஊற்றினார்.

கூகைக்குப் பயப்படுவது நாம் மட்டுமல்ல. மலாய்க்காரர் ஆந்தையைப் ‘பூரோங் ஹந்து’ என்பார்கள். பேய்ப் பறவை என்று பொருள். ஆனால் தஞ்சை வயலில் எலிக்கு மூங்கில் கிட்டி வைத்த அதே விவசாயிகள்தான், இரவில் ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயலுக்குள் குறுக்குக் கட்டை கட்டிய குச்சியையும் நட்டார்கள். வீட்டுக்கு ஆகாதது வயலுக்கு ஆகும் என்று பிரித்து வைத்திருந்தார்கள் போலும். இதை அத்தையிடம் சொன்னேன். யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை விதித்தார்: பெட்டி குசினி ஜன்னலிலிருந்து தெரியக்கூடாது.

அடுத்த தடை அக்கம்பக்கம். கூகை வேலிக்குள் நிற்காது. ஒரு நிலத்தில் பெட்டி வைத்து, அடுத்த நிலத்தில் கடுமையான எலி மருந்து வைத்தால், மருந்து தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும். பழைய வார்ஃபரின் வகை மருந்தில் ஆபத்து குறைவு. பின்னால் வந்த புரோடிஃபாகும் போன்றவை எலியின் ஈரலில் தங்கிவிடுகின்றன. ஒரே தீனியில் கொல்கிறது என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் மருந்தை வாங்குமுன், டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்.

மாமாவின் ஒரு பக்கத்துக்காரர் சீனர், மறுபக்கத்துக்காரர் மலாய்க்காரர். மூவர் நிலமும் சேர்த்து இருபத்து நாலு ஏக்கர், பத்து எக்டேருக்குச் சற்றுக் குறைவு. மூவரும் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். சீனத் தௌக்கே செலவைக் கேட்டார். மலாய்ப் பாக்சிக் பேய்ப் பறவையை நினைத்துத் தயங்கினார், பிறகு தன் மனைவியிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மருந்தை மூவரும் ஒரே வகையாக, ஒரே வாரத்தில் வைப்பது, கடும் மருந்து வேண்டாம், பெட்டி இரண்டு. இதுதான் முடிவு. இதற்கு எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை, ஒரு கையெழுத்தும் தேவைப்படவில்லை.

முதல் மூன்று மாதம் பெட்டிகள் காலியாகவே இருந்தன. தௌக்கே கிண்டல் செய்தார். நாலாம் மாதம் ஒரு கம்பத்தடியில் வெள்ளை எச்சமும் கரிய உருண்டைகளும் கிடந்தன. விழுங்கிய எலியின் மயிரையும் எலும்பையும் கூகை உருண்டையாகக் கக்கிவிடும். மாமா ஒன்றைக் குச்சியால் பிரித்துப் படம் எடுத்து அனுப்பினார். உள்ளே ஒரு குட்டி மண்டையோடு, மஞ்சள் பற்களோடு.

எலி ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் இருக்கிறது. ஆனால் அறுவடைக்கு அறுவடை மாமா குலைகளைப் பார்த்துக் குறித்துவைக்கும் பள்ளிக்கூட நோட்டில், புதிய கடியின் எண்ணிக்கை இறங்கி வருகிறது. பழைய கடி கருத்திருக்கும், புதிய கடி வெளிறியிருக்கும். இப்போது கருப்புதான் அதிகம் என்கிறார். துப்பாக்கியைப் பற்றி அவர் பேசுவதில்லை. கனடாக்காரரை மட்டும் இன்னும் பார்க்கிறார்.

அத்தை இதுவரை பெட்டிப் பக்கம் போகவில்லை. போகவும் மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் ராத்திரி டார்ச் அடித்துவிட்டு மாமா உள்ளே வரும்போது, அடுப்படியிலிருந்து தலை தூக்காமல் கேட்கிறாராம்:

“வந்துச்சா அது?”